எலித் தபால்காரரின் குடை

"அதை அழிச்சிடாதீங்க அண்ணி, அது மூக்கு."

"எது?"

"அந்தக் கறுப்புப் புள்ளிதான். அதையும் அழிச்சிட்டா எலி எதை வெச்சு மோப்பம் பிடிக்கும்?"

அண்ணி கணினிப் பேனாவை வரைபலகையிலிருந்து தூக்கினாள். திரையில் நீலத் தொப்பி போட்ட எலி ஒன்று, தன்னைவிடப் பெரிய பார்சலை முதுகில் சுமந்தபடி ஒற்றைக் காலில் உறைந்து நின்றது. முகத்தின் நடுவில் இருந்தது மூக்கேதான். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு கறுப்புப் புள்ளி இருந்தது, அது தூசி. இரண்டும் கூடப்பிறந்தவை போல ஒரே அளவில், ஒரே கறுப்பில் இருந்தன.

"கண்ணு பூத்துப்போச்சு பாப்பா. இப்ப உன் மூக்குகூட எனக்குத் தூசியாத்தான் தெரியுது."

"என் மூக்கை அழிச்சா ஏன்னு கேக்க ஆளில்ல. எலி மூக்கை அழிச்சா சேனல்காரர் கேப்பாரு."

பாப்பாவுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. ஆனாலும் வீட்டின் கடைக்குட்டிக்கு வைத்த பெயர் அவளை விடவில்லை. அண்ணியின் நாத்தனார் அவள்; இந்தக் கடைக்கு முதலாளியும் அவள்தான். பழைய படச்சுருள்களை வாங்கி, கணினியில் ஏற்றி, கீறலையும் தூசியையும் நீக்கிக் கொடுப்பது தொழில். வெளியிலிருந்து வருகிறவர்கள் பாப்பாவை மேடம் என்பார்கள். அண்ணியை மட்டும் கணக்குப் பார்க்க வருகிறவர் முதல் கூரியர்காரர் வரை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். யாருக்கு யார் அண்ணி என்ற விசாரணையெல்லாம் நடந்ததில்லை.

கடை ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. கீழிருந்து நாள் முழுக்க நீராவி ஏறி வரும். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் காற்று வருவதற்கு வழியில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே கிறிஸ்துமஸ். வருடக் கடைசியில் ஒளிபரப்ப வேண்டிய படங்களைச் சேனல்கள் கோடையிலேயே அனுப்பிவிடும் என்பதால், ஊருக்கெல்லாம் டிசம்பரில் வரும் பண்டிகை இவர்களுக்கு வியர்வை ஒழுகும் மாதங்களில் வந்து, மூன்று நான்கு மாதம் தங்கி, கழுத்தை அறுத்துவிட்டுப் போகும். நிஜ டிசம்பர் வந்து கடைத்தெருவில் மணிச் சத்தம் கேட்டால் இருவருக்கும் தலைவலி ஆரம்பித்துவிடும்.

இருந்தாலும் அந்தப் பழைய கார்ட்டூன்கள் மேல் அண்ணிக்கு ஒரு பிரியம் இருக்கத்தான் செய்தது. எல்லாம் கையால் வரைந்து, கையால் வண்ணம் தீட்டியவை. ஒரே சுவர், சுருளில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நிறம் இழையளவு மாறுவதால், ஓடவிட்டால் வீடுகள் மூச்சு விடுவது போலிருக்கும். எலியின் காதில் பூசிய சிவப்பு கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும். பின்னணியில் பாடும் குழுவின் குரல்கள், தூக்கம் வந்த பிள்ளைகள் பாடுவது போல லேசாக ஆடும். இந்தப் படத்தில் தேவாலயத்துக்கு மேலே, இரவு வானத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. வண்ணம் காய்வதற்குள் யாரோ தொட்டுவிட்டிருக்கிறார்கள். அழிக்க வேண்டியதுதான். அண்ணி அழிக்கவில்லை. நேற்று படத்தைப் பார்த்து ஒப்புதல் சொல்லிவிட்டுப் போன சேனல்காரர் அதைக் கவனிக்கவும் இல்லை. கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டே பார்த்தவர், "கண்ணாடி மாதிரி இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

ஆக, வேலை முடிந்த மாதிரிதான். அடுத்த வாரம் ஆள் வந்து எடுத்துப் போவார். மிச்சம் மீதி இருந்த பொட்டுகளை இன்றைக்குத் துடைத்துவிட்டால், நாளைக் காலை அண்ணி தன் கணவனோடு மலைக்குப் போகலாம்.

அவளுடைய கணவன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவன். வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மாதம் வருவான். அந்த ஒரு மாதம் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் சுருள்கள் வந்து குவியும் மாதமாகவே அமைந்துவிடும். போன வருடமும் எங்காவது போகலாம் என்றுதான் அண்ணி வாக்குக் கொடுத்திருந்தாள். கலைமான்கள் பள்ளிக்கூடம் போகும் தொடர் ஒன்று வந்து அந்த லீவை விழுங்கிவிட்டது. விமான நிலையத்தில் அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டே "பரவாயில்ல" என்றான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மறந்திருப்பாள். அந்தப் "பரவாயில்ல" ஒரு வருடமாக அவள் காதில் கிடந்து குடைந்தது.

இந்த முறையும் மூன்று வாரம் ஓடிவிட்டது. அவன் வீட்டில் தனியாக இருந்து குழாய்களையெல்லாம் சரி செய்து முடித்துவிட்டான். கீச்சிடுவதற்கு ஒரு கதவுகூட மிச்சமில்லாமல் எண்ணெய் போட்டுவிட்டான். அண்ணி இருட்டிய பிறகு வீட்டுக்குப் போவாள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பிப்பான். அந்த வாக்கியம் முடிவதற்குள் தூங்கிப்போவாள். விழித்திருக்கும் நேரத்திலும் அவன் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலையும் பஞ்சையும் அவள் கை தானாகக் கிள்ளிக்கொண்டிருக்கும். "என்னையும் சுத்தம் பண்ணி யாருக்கு அனுப்பப் போற?" என்று ஒரு நாள் கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவனேதான், கையில் சாப்பாட்டுப் பையோடு.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா? ஆகியிருக்காது. எலிக்காவது ஏதாவது போட்டீங்களா?"

"அதுக்கும் பட்டினிதான்" என்றாள் பாப்பா. "உட்காருண்ணா. இன்னிக்கு உன் பெண்டாட்டியை உன்கிட்ட ஒப்படைச்சிடறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ."

அவன் பாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். "இத்தனை வருஷத்துல நீங்க சுத்தம் பண்ணின ஒரு படத்தைக்கூட நான் முழுசாப் பார்த்ததில்ல. இவன் கதை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டே மலைக்குப் போவோம். ஓடவிடு."

அண்ணி விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டாள்.

ஊரே உறங்கும் கிறிஸ்துமஸ் இரவு. எலித் தபால்காரரின் பையில் ஒரே ஒரு பார்சல் பாக்கி இருக்கிறது. குடையை விரித்துக்கொண்டு கிளம்புகிறார். வழியில் பார்சல் மேலிருந்த முகவரி மை கரைந்து, கோடாக வழிந்து, காணாமல் போகிறது. யாருடைய பார்சல் என்று தெரியவில்லை. மனம் கேட்காமல் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். பெயர்ப்பலகைகளை வாலால் துடைத்துத் துடைத்துப் படிக்கிறார். களைத்துப்போனால் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து நாக்கை நீட்டுகிறார். பொழுது விடியும் நேரத்தில் மிஞ்சுவது ஒரே வீடு, அவருடைய வீடு. பார்சல் அவருக்கே வந்தது. பிரித்தால் உள்ளே நாலு காலுக்கும் நாலு கம்பளிக் காலுறை.

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். விளக்குப் போட்ட பிறகும் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. யாரோ ரொம்பப் பொறுமையா உட்கார்ந்து பண்ணியிருக்காங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"மழை இல்ல, ஒண்ணும் இல்ல. இவரு எதுக்குக் குடை பிடிச்சிட்டு அலையறாரு?"

அண்ணியின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

"பெயர்ப்பலகையெல்லாம் பளபளன்னு இருக்கு. அதைப் போய்த் துடைக்கிறாரு. மை தானாவே அழியுது. நடுவுல நின்னு வானத்தைப் பார்த்து நாக்கை நீட்டுறாரு. கொஞ்சம் கிறுக்குப் பிடிச்ச எலியோ?"

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பாப்பாவைப் பார்க்கவில்லை.

"பழைய படம்ணா" என்றாள் பாப்பா. "அந்தக் காலத்துல அப்படித்தான் எடுப்பாங்க. நீ ஒண்ணு பண்ணு. கீழே சலவைக்குப் போட்ட என் துணி ரெடியா இருக்கும். வாங்கிட்டு வர்றியா?"

அவன் இறங்கிப் போனான். பாப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். அண்ணி அதற்குள் கணினியில் பழைய கோப்பைத் திறந்திருந்தாள். சுருளிலிருந்து முதலில் ஏற்றிய, இன்னும் கை வைக்காத அசல் படம்.

அதில் பனி பெய்தது.

கீறல்களும் தூசியும் ரோமங்களுமாக அழுக்கடைந்த படம்தான். அந்த அழுக்கு அத்தனைக்கும் ஊடே, சரிந்து சரிந்து, தெரு விளக்கைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மஞ்சளாகி, பனி விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடித் தகட்டில் தூரிகையை உதறி யாரோ தெளித்த வெள்ளைப் பொட்டுகள். எலித் தபால்காரர் குடைக்கு அடியில் தலையை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தார். பெயர்ப்பலகை மேல் விழுந்த பனிப் பொட்டுகளை வாலால் தள்ளினார். நீட்டிய நாக்கில் ஒரு பொட்டு வந்து உட்கார, கண்ணை மூடிக்கொண்டார். இந்த எலியைப் பார்த்தால் யாரும் கிறுக்கு என்று சொல்ல மாட்டார்கள்.

"எப்ப அண்ணி?" என்றாள் பாப்பா.

"அவர் வந்த அன்னிக்கு."

அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணினியில் தூசி நீக்கும் நிரல் ஒன்று உண்டு. சொன்னால் தானாகவே பொட்டுகளைத் தேடி அழித்துவிடும். பனி விழும் காட்சிக்கு மட்டும் அதை ஏவக் கூடாது, அதற்குப் பனியும் தூசியும் ஒன்றுதான் என்பது இந்தக் கடையில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். அன்றைக்கு விமானம் இறங்கும் நேரமாகிவிட்டது. அண்ணி முழுப் படத்துக்கும் சேர்த்து அதை ஏவிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். மறுநாள் வந்து பார்த்தபோது படம் சுத்தமாக இருந்தது. மிஞ்சிய பொட்டுகளைத் தேட ஆரம்பித்தாள். பிறகு தேடிக்கொண்டே இருந்தாள். பாப்பாவும் பார்த்தாள், சேனல்காரரும் பார்த்தார். மூன்று பேரும் தேடியது அழுக்கைத்தான். எலி என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் பாப்பா. குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "ஒத்துக்கிட்டுப் போயிட்டாங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. பிள்ளைங்க சிரிச்சிட்டுப் போயிடும்."

"பைத்தியம்னு சிரிக்கும்."

"சிரிச்சாச் சரி. கார்ட்டூன்தானே."

"ராத்திரி முழுக்க நடந்திருக்காரு பாப்பா. குளிர்ல, அடுத்தவங்க பார்சலைத் தூக்கிட்டு. நான் அந்தக் குளிரையே எடுத்துட்டு, அந்த மனுஷனை நடுத்தெருவுல கோமாளியா நிக்க வெச்சிருக்கேன்."

"எது, மனுஷனா? எலி அண்ணி."

"எலிதான்."

பாப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திரும்பப் போடணும்னா எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆள் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் இருக்கே, அந்த ஒரு வாரம். சுருள்ல இருக்கிற ஒவ்வொரு படமாக் கையாலதான் பார்க்கணும்."

"அதாவது, எங்க அண்ணனோட மிச்ச லீவு மொத்தமும்."

திரையில் பனி பெய்துகொண்டே இருந்தது.

"நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் பாப்பா. "போன வாரம் அண்ணன் எங்கிட்டப் பேசினான். அடுத்த வருஷம் லீவு வேண்டாம்னு எழுதிக் கொடுத்திடலாமான்னு பார்க்கிறானாம். கப்பல்லயாவது இன்ஜின் பேசும், இங்க வந்தா கதவுகூடப் பேச மாட்டேங்குதுன்னான்."

"கதவுக்கு எண்ணெய் போட்டது அவருதானே" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்தே வெட்கப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் ஏற்கனவே சிவந்திருந்ததால் இது எந்தச் சிவப்பு என்று பாப்பாவால் சொல்ல முடியவில்லை.

"நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். செய்யறதுன்னா செய்யுங்க, கடை உங்களுதும்தான். ஆனா அவன்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவனை உட்கார வெச்சு, எலிக்குப் பனி வேணும்னு என் வாயால சொல்ல முடியாது."

படியில் மறுபடி காலடி கேட்டது. பாப்பா எழுந்து வாசலிலேயே துணிக்கட்டை வாங்கிக்கொண்டு, கணக்குப் பார்க்கிற அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கணவன் கையில் ஒரு காகிதப் பை இருந்தது. தெருமுனையில் விற்றுக்கொண்டிருந்தார்களாம், இரண்டு கம்பளித் தொப்பிகள். ஒன்று பழுப்பு, ஒன்று சிவப்பு. "இந்த வெயில்ல இதை வாங்குறவன் நான் ஒருத்தன்தான் போல. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. மலை மேல குளிருமாம். உனக்கு எது வேணும்?"

"கொஞ்சம் உட்காருங்க" என்றாள் அண்ணி.

அவன் உட்கார்ந்தான். அவள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். ஒன்றில் எலி வெறும் வானத்துக்கு நாக்கை நீட்டியது. மற்றதில் பனி விழுந்தது. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இயந்திரத்தின் முன் நின்று எங்கே தட்டுகிறது என்று கேட்பவனைப் போல, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான்.

"அழிஞ்சிடுச்சா?"

"அழிச்சிட்டேன். உங்களைக் கூப்பிட வர்ற அவசரத்துல."

"யாருமே கவனிக்கலையா?"

"நீங்க கவனிச்சீங்களே."

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றான். மடியில் இருந்த காகிதப் பையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"போன வருஷம் மான். இந்த வருஷம் எலியா?"

"ஆமா."

"எனக்கு ஒரு விஷயம் தெரியணும். எலிக்காக இருக்கேன்னு சொல்றியா, இல்ல என்கூட வர வேண்டாம்னு இருக்கியா?"

அவள் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. வழக்கம் போலப் பரவாயில்ல என்பான் என்று நினைத்திருந்தாள். அவன் அதைச் சொல்லாததே அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது.

"மலைக்கு வந்தா நான் தூங்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். நீங்க சன்னல் பக்கம் உட்கார்ந்து மேகத்தைக் காட்டுவீங்க. நான் அதுல பொட்டுத் தேடுவேன். இந்த எலி நாக்கை நீட்டிக்கிட்டே என் கண்ணுக்குள்ள நிக்கும். அப்படி வர்றதுக்குப் பேரு கூட வர்றதா?"

அவன் எழுந்திருக்கவில்லை.

திரையில் தபால்காரர் நாலாவது வீட்டுப் படியை ஏறினார். அண்ணி படத்தை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மெதுவாக நகர்த்தினாள்.

"இங்க பாருங்க. கூரைக்கு மேல இந்தப் பெரிய பொட்டு. இப்பக் கீழ வருது. போயிடுச்சா? கொஞ்சம் பொறுங்க. இதோ, மறுபடி மேல அதே பொட்டு. அவங்க ஒரே கண்ணாடியைத்தான் திரும்பத் திரும்ப நகர்த்திப் படம் பிடிச்சிருக்காங்க. அதனால பனின்னா அது திரும்பி வரும். தூசி அப்படி இல்ல, ஒரு தடவை வரும், அவ்வளவுதான். நிரலுக்கு அது புரியாது. காத்திருந்து பார்க்கணும்."

"இது?" என்று அவன் விரலை நீட்டி ஒரு பொட்டைக் காட்டினான்.

அவள் நகர்த்தினாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொட்டு வரவில்லை.

"தூசி" என்றான்.

"தூசி."

கீழே சலவை இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. உள்ளறையில் பாப்பா எதையோ எடுத்து எடுத்து அதே இடத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். கையை எடுத்தபோது திரை இரண்டாகத் தெரிந்து, மெல்ல ஒன்றாகச் சேர்ந்தது.

"நான் ஒருத்தியா உட்கார்ந்தா ஒரு வாரமும் போயிடும்" என்றாள். "ரெண்டு பேர் பார்த்தா கடைசில ஒரு நாள் மிஞ்சலாம். மிஞ்சும்னு சத்தியம் பண்ண மாட்டேன். போன வருஷம் பண்ணின சத்தியமே இன்னும் பாக்கி கிடக்கு."

அவன் காகிதப் பையை மேசை மேல் வைத்தான். விடைபெறுவதற்கு வைத்தானா, கையைக் காலியாக்கிக்கொள்ள வைத்தானா என்று தெரியவில்லை.

அண்ணி திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். எலித் தபால்காரருக்கு மேலே இருந்த இரவு இரண்டாகப் பிரிந்தது. அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் விட்டாள்.

"வலது பக்க வானத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவனைப் பார்க்காமல். "இடது பக்கத்தை நீங்க பார்க்கிறீங்களா?"